வெயில் இறங்கும் வழி

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நண்பகலில், சென்னையில் நட்டுவைத்த கம்பத்துக்கு நிழல் விழுவதில்லை. 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் ஊருக்குச் சூரியன் ஆண்டில் இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மறுமுறை. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடுகிறது. அறிவியல் ஆர்வலர்கள் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டி இதை ‘நிழலில்லா நாள்’ என்று கொண்டாடுகிறார்கள். வீடு கட்டுகிறவர்களும் இந்த நாளைக் கவனிக்க வேண்டும். கோடையில் நம் ஊர் வீட்டுக்குள் சூடு எந்த வழியாக இறங்குகிறது என்ற கேள்விக்கு விடை அதில் இருக்கிறது.

உச்சிவெயில் மொட்டைமாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1,000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. அதே நேரத்தில் தெற்குச் சுவரை வெயில் உரசிச் செல்கிறது, அவ்வளவுதான். கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் மாலையிலும் வாங்கும் வெயில், நாள் முழுதும் கூட்டிப் பார்த்தால் கூரை வாங்குவதில் பாதிக்குச் சற்று முன்பின் இருக்கும். ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால் வடக்குச் சுவரிலும் கொஞ்சம் வெயில் விழுகிறது. எப்படிக் கணக்கிட்டாலும் ஒற்றைமாடி வீட்டுக்கும், அடுக்குமாடியின் கடைசித் தளத்து வீட்டுக்கும் வெப்பத்தின் பெருவாசல் கூரைதான். வெப்பக்காப்பு என்றதும் சுவரையும் சன்னலையும் பற்றிப் பேசுவது குளிர்நாட்டு வழக்கம். அங்கே வீட்டுச் சூடு வெளியே கசியாமல் காக்க வேண்டும். இங்கே கூரையில் தொடங்காத எந்த யோசனையும் வேலையைப் பின்னாலிருந்து ஆரம்பிப்பதாகவே எனக்குப் படுகிறது.

கான்கிரீட் தளம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு தாமதமாகக் கொடுக்கும். ஐந்து அங்குலத் தளத்தின் மேற்பரப்பு மதியம் ஒரு மணிக்குக் கொதித்தால், அடிப்பரப்பு தன் உச்சத்தை அடைய மூன்று நான்கு மணி நேரம் ஆகும். வெளியே காற்று குளிரத் தொடங்கிய பின்னும் உள்ளே மேற்கூரை கனன்றுகொண்டிருக்கும். நடுநிசியிலும் கையை உயர்த்திப் பிடித்தால் சூடு தெரியும். மின்விசிறி கூரையை ஒட்டிய அந்தக் காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. அறையில் தொங்கும் வெப்பமானி 33 டிகிரி காட்டினாலும் உடம்பு அதை ஏற்க மறுப்பதற்குக் காரணம் உண்டு. காற்று அதிகம் அசையாத அறையில் நாம் உணரும் சூட்டில் பாதியளவுதான் காற்றுடையது. மறுபாதி நம்மைச் சூழ்ந்த பரப்புகள் வீசும் கதிர்வெப்பம். 40 டிகிரிக் கூரையின் கீழே படுத்திருப்பவருக்குத் தூக்கம் வராதது வெப்பமானியில் தெரியாது. கைக்குழந்தையோ, வயதானவரோ, கருவுற்ற பெண்ணோ இருக்கிற வீட்டில் இதை வெறும் வசதிக் குறைவு என்று தள்ளிவிட முடியாது.

நம் முன்னோர் இதை அறிந்தே வேய்ந்தார்கள். அரையடி கனத்துக்கு வைக்கோலோ பனையோலையோ அடுக்கி வேய்ந்த குடிசைக் கூரையின் வெப்பத்தடை, கணக்குப் போட்டால், இன்று கடையில் விற்கும் நல்ல வெப்பக்காப்புப் பலகை இரண்டரை அங்குலத்துக்குச் சமமாக வருகிறது. ஓலைகளுக்கு இடையே சிறைப்பட்ட அசையாத காற்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. நாட்டு ஓட்டுக் கூரையில் ஓடுகளின் இடுக்கு வழியே வெப்பக்காற்று மேலேறி வெளியேறும். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற கூரையில் தேக்கு உத்திரக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குறுக்குச் சாய்வாக நிறுத்தி அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை, அதற்கும் மேல் தட்டோடு. கலவையில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும். சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கட்டை பட்டாலும் தடம் விழாத பதம் வரும்வரை அந்த வேலை நிற்காது. சென்னையின் பழைய அரசுக் கட்டடங்கள் பலவற்றின் தலையில் இன்றும் அந்த உழைப்பு இருக்கிறது.

கான்கிரீட் வந்தபிறகும் கொஞ்சகாலம் அந்த வழக்கம் தொடர்ந்தது. தளத்தின் மேல் மூன்று அங்குலத்துக்குச் சுர்க்கி, அதாவது அதே செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை, போட்டுத் தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டில் வீடு கட்டும் செலவின் வழக்கமான பகுதியாக இருந்தது. பொறியாளர்கள் வெதரிங் கோர்ஸ் என்பார்கள். பிறகு ‘மேலே இன்னொரு மாடி எடுக்கப் போகிறோம், இப்போது எதற்கு’ என்று தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்டது பலருக்கு நிரந்தரமாயிற்று. இன்று ஊர்ப்புறத்துச் சிறு வீடுகளில் வெறும் கான்கிரீட் தளமும் அதில் நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பிகளும்தான் கூரை.

ஓலைக்குத் திரும்பலாம் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கூரைக் கொட்டகை பற்றியெரிந்து 94 குழந்தைகள் கருகினார்கள். ஒவ்வொரு கோடையிலும் குடிசைகள் எரிகின்றன. ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒழுகுகின்றன. கான்கிரீட் வீடு ஏழைக் குடும்பத்துக்குத் தரும் பாதுகாப்பும் மதிப்பும் உண்மையானவை. அந்த வீட்டைக் கொடுக்கும்போது ஓலை செய்துவந்த ஒரு வேலையைச் செய்ய எதையும் வைக்காமல் கொடுத்துவிட்டோம் என்பதே என் மனத்தாங்கல். 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீட்டுக்குச் சூரியசக்தி விளக்குகள் தந்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் தருகிறது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது அதன் இலக்கு. அத்தனை தளங்களும் சித்திரை வெயிலில் காயப்போகின்றன.

கணக்குக்கு வருவோம். ஒரு கூரையின் இருபுறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதை யூ-மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் சிறிதாக இருந்தால் கூரை நல்லது. ஐந்து அங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது சுமார் 3.5. மூன்று அங்குலச் சுர்க்கி சேர்த்தால் 2.5 அளவுக்கு இறங்கும். பழைய முறையின் மேல் எனக்குள்ள மரியாதை குறையாமலே இதைச் சொல்ல வேண்டும்: சுர்க்கி சூட்டைத் தாமதப்படுத்துகிறது, தளத்தை விரிசலிலிருந்து காக்கிறது, மழைநீரை வடிக்கிறது, ஆனால் அது மட்டும் போட்டால் போதாது. மெட்ராஸ் டெரஸ் குளிர்ச்சியாக இருந்ததற்கு அதன் உயரமும் ஒரு காரணம். பன்னிரண்டு பதினான்கு அடி உயரத்திலிருந்த கூரை இன்று ஒன்பதரை அடிக்கு வந்துவிட்டது.

அதே தளத்தின் மேல் எக்ஸ்.பி.எஸ். என்னும் அடர்த்தியான நுரைப் பலகையை ஓர் அங்குலத்துக்குப் பதித்தால் யூ-மதிப்பு 3.5-இலிருந்து ஏறத்தாழ 0.95-க்கு விழுகிறது. இன்னோர் அங்குலம் சேர்த்தால் 0.55. மூன்றாவது அங்குலம் 0.39-க்குக் கொண்டுவரும். நான்காவதுக்கு 0.30. பணம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அதேதான். பலன் முதல் அங்குலத்திலேயே முக்கால்வாசி கிடைத்துவிடுகிறது. பிரிட்டனில் வீட்டுப் பரணில் 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கம்பளி போன்ற காப்பு விரிக்கச் சொல்கிறார்கள். அங்கே மாதக்கணக்கில் உள்ளே 20 டிகிரியும் வெளியே பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கும். நமக்கு அந்தத் தடிமன் வேண்டாம். ஓர் அங்குலம் நல்லது, இரண்டு தாராளம். ‘இன்சுலேஷன் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு அளவை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரைப் பரப்பு 11 சதுர மீட்டர். உச்சிவெயிலும் காற்றின் சூடும் சேர்ந்து தளத்தின் மேல் 65 டிகிரிக்கு நிகரான தாக்கத்தைத் தருகின்றன, உள்ளே ஏ.சி. 27-இல் ஓடுகிறது என்று வைத்தால், வெறும் தளம் வழியே இறங்கும் வெப்பம் உச்சத்தில் 1,450 வாட்டை நெருங்கும். தளத்தின் கனம் இந்த உச்சத்தை மட்டுப்படுத்தி மாலைக்குத் தள்ளும் என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். ஒரு டன் ஏ.சி.யின் மொத்தத் திறன் 3,500 வாட். ஆக, அந்த எந்திரத்தின் உழைப்பில் ஐந்தில் இரண்டு பங்கு கூரையோடு போராடவே போகிறது. இரண்டு அங்குலப் பலகை அந்த 1,450-ஐ 230 வாட் அளவுக்குக் குறைக்கும். பலகையே இல்லாமல் மேற்பரப்பை வெள்ளையாக்கினால் மட்டும் 65 டிகிரித் தாக்கம் 46-ஐ ஒட்டி வரும். இறங்கும் வெப்பம் 730 வாட், அதாவது பாதி. வெறும் நிறத்தை மாற்றியதற்கே பாதி.

ஆகவே முதல் வேலை வெள்ளை. பழைய கான்கிரீட் தளம் தன்மேல் விழும் வெயிலில் நான்கில் ஒரு பங்கை, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். சிவப்புத் தட்டோடும் ஏறத்தாழ அவ்வளவே. புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பிவிடும். அந்தப் பூச்சுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது: உள்வாங்கிய கொஞ்சச் சூட்டையும் இரவில் வானத்தை நோக்கி நன்றாக வெளிவிடும். பளபளக்கும் துத்தநாகத் தகரம் வெயிலைத் திருப்பினாலும் தன் சூட்டை எளிதில் விடாது; அதனால்தான் தகரக் கொட்டகை வெள்ளி போல் மின்னியும் உள்ளே அனலாக இருக்கிறது. அந்தத் தகரத்தின் மேலேயே வெள்ளைப் பூச்சு அடித்தால் நிலைமை மாறும்.

எதை வைத்து வெள்ளையாக்குவது என்பது கையிருப்பைப் பொறுத்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பை வெள்ளைப் பசையோடு கரைத்து இரண்டு கை அடிப்பது எல்லாவற்றிலும் மலிவு. வடகிழக்குப் பருவமழை ஒன்றைத் தாண்டினால் பெரும்பகுதி கரைந்திருக்கும், மறுபடி அடிக்க வேண்டும். கடைகளில் கூல் ரூஃப் பெயின்ட் என்று விற்பது சில ஆண்டு தாங்கும். வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிப்பது செலவு கூடியது, ஆனால் நடமாடலாம், துணி காயப்போடலாம், வடாம் பிழியலாம். எதுவானாலும் தூசியும் பாசியும் படிந்து ஓரிரு ஆண்டில் 80 என்பது 60-ஐ ஒட்டி இறங்கிவிடும். கோடை தொடங்கும்முன் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் இழந்ததில் பெரும்பங்கு திரும்பக் கிடைக்கும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை, வாங்குபவர்கள் கேட்க வேண்டும்.

இந்தியாவில் வெள்ளைக் கூரையைப் பொதுக் கொள்கையாக்கிய ஊர்களுக்கு அதற்கான வலி இருந்தது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த மாநகரம் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. 2017 முதல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் அதில் சேர்ந்தது. தெலங்கானா 2023-இல் ஐந்தாண்டுக்கான குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டு, அரசுக் கட்டடங்களுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் தர அது வழிசெய்கிறது. உயிரோடு இருப்பவரின் கூரைக்கு என்ன செய்யலாம் என்பது அடுத்த கட்டமாக வந்தாக வேண்டும்.

வெள்ளையடித்த பிறகும் கையில் பணம் இருந்தால், அல்லது புதிதாகக் கட்டும் வீடாக இருந்தால், தடுப்புப் பலகைக்குப் போகலாம். இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் தளத்தின் மேல் வாட்டர் புரூஃபிங். அது காய்ந்து, தண்ணீர் தேக்கிச் சோதித்த பின் பலகை. பலகை மேல் ஒரு பாலித்தீன் அல்லது துணி விரிப்பு. அதன் மேல் கம்பிவலை வைத்து, மழைநீர்க் குழாய் நோக்கிச் சரிவு கொடுத்த கான்கிரீட் பூச்சு. கடைசியாக வெள்ளை ஓடு. மேஸ்திரிகள் சிலர் தண்ணீர்த் தடுப்பை மேலே போட்டால் போதும் என்பார்கள். கேட்க வேண்டாம். தண்ணீர் வெப்பத்தைக் கடத்துவது அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கு மேல். காப்புப் பொருளின் நுண்ணறைகளில் காற்று இருக்கும்வரைதான் அது காப்பு. நனைந்துவிட்டால் வெறும் பாரம். சுர்க்கிக்கும் இது பொருந்தும். தெர்மோகோல் பலகை விலை குறைவு, ஆனால் எக்ஸ்.பி.எஸ்.ஸைவிட எளிதில் ஈரம் குடிக்கும். பழைய வீடென்றால் இன்னொரு கவனம் வேண்டும்: மூன்று அங்குலச் சுர்க்கி சதுர மீட்டருக்கு 120, 130 கிலோ எடை ஏற்றும், நுரைப் பலகை ஏற்றுவது ஒன்றிரண்டு கிலோதான். கம்பி தெரியும் தளத்தில் எதையும் ஏற்றும்முன் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

மேலே போடுவதா, உள்ளே போடுவதா என்ற கேள்வியில் என் தீர்ப்பு மேலேதான். மேலே போட்டால் தளமே சூடாவதில்லை. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் ஓயாத ஆட்டம் நிற்பதால் கைப்பிடிச் சுவரை ஒட்டிய விரிசல்களும் குறையும். உள்ளே ஃபால்ஸ் சீலிங் போடுவது, மொட்டைமாடி தன் வசத்தில் இல்லாதவருக்கான வழி. ஜிப்சம் பலகையும் அதன் மேல் காற்றிடைவெளியும் மட்டுமே இறங்கும் வெப்பத்தை ஏறத்தாழப் பாதியாக்கும். அந்த இடைவெளியில் ராக்வூல் என்னும் பாறையிழை விரிப்பைப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். நெருப்புக்கும் அஞ்ச வேண்டாம். மூடாத தெர்மோகோலைக் கூரையின் அடியில் ஒட்டுவதை மட்டும் வன்மையாக மறுக்கிறேன். மின்கசிவில் ஒரு பொறி போதும். உருகிச் சொட்டி எரியும், மூச்சடைக்கும் கரும்புகை கிளம்பும். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017-இல் 72 பேர் இறந்ததற்கு வெளிச்சுவரில் பதித்த எரியக்கூடிய பலகைகள் பெருங்காரணம். வெப்பத்தைத் தடுக்கப் போய் நெருப்பை அழைத்துவரக் கூடாது.

சிமென்ட் ஷீட், தகர ஷீட் வீடுகளின் நிலை வேறு. இங்கே சூட்டைத் தாமதப்படுத்தக் கனமே இல்லை. வெயில் ஏறினால் பத்து நிமிடத்தில் உள்ளே தெரியும். கனன்ற ஷீட் கீழ்நோக்கி வீசும் கதிர்வெப்பம்தான் முதல் எதிரி. ஷீட்டுக்குக் கீழே மூன்று நான்கு விரற்கடை இடைவெளி விட்டு அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பைக் கட்டினால், மின்னும் பக்கம் கீழே பார்த்திருந்தாலும் வேலை செய்யும். அப்படி வைத்தால் தூசி படிந்து கெடாது. இடைவெளி இல்லாமல் ஷீட்டோடு ஒட்டிவிட்டால் தாளின் பலன் போய்விடும். மேலே வெள்ளைப் பூச்சு, கீழே இந்த விரிப்பு, உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த வீடு பகலில் குடியிருக்கத் தக்கதாகிறது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளையிடவோ சுரண்டவோ அறுக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

தளத்துக்கு நிழல் தருவதும் காப்புதான். சோலார் பேனல் வைப்பவர்களுக்கு இது இலவச இணைப்பு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2011-இல் வெளிவந்த ஆய்வு, பேனலுக்குக் கீழிருந்த கூரை வழியே இறங்கிய வெப்பம் 38 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. பேனலுக்கும் தளத்துக்கும் இடையே காற்றோடும் இடைவெளி இருக்க வேண்டும். மாடித் தோட்டத்துக்கும் பந்தலுக்கும் இதே நியாயம் பொருந்தும், தொட்டித் தண்ணீர் தளத்தில் ஊறாமல் பார்த்துக்கொண்டால்.

சுவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நமக்குப் போதுமானது. மேற்குப் பக்கத்தில் நாலரை அங்குலச் சுவர் எழுப்புவது மட்டும் தவறு. புதுக் கட்டடத்தில் எட்டு அங்குல ஏ.ஏ.சி. என்னும் இலகு கான்கிரீட் பிளாக் செங்கலைவிட இரண்டு மூன்று மடங்கு நன்றாகத் தடுக்கும். இருக்கும் வீட்டின் சுவருக்குப் பலகை பதிப்பதைவிட மேற்கே ஒரு வேம்போ புங்கமோ வைப்பது மேல்.

சன்னலில் கொஞ்சம் நிற்க வேண்டும். மேற்கு நோக்கிய, மறைப்பில்லாத கண்ணாடி ஒரு சதுர மீட்டர் இருந்தால் மாலை நான்கு மணி வெயிலில் 500 வாட்டுக்கு மேல் உள்ளே வரும். உள்ளே திரை போட்டால் வெளிச்சம் மறையும், சூடு ஏற்கெனவே நுழைந்துவிட்டிருக்கும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவதுதான் காப்பு. தெற்குச் சன்னலுக்குச் சன்ஷேட் போதும். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்து வரும் வெயிலுக்கு அது பயன்படாது. வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ, மரச் சட்டக் கதவோ, செங்குத்துத் தடுப்போ வேண்டும். திண்ணைக்கு மூங்கில் தட்டி கட்டி வாழ்ந்த வீடுகளில் இந்த அறிவு பழக்கமாகவே இருந்தது. கண்ணாடி முகப்புகளோடு அந்தப் பழக்கமும் போய்விட்டது.

ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் 1991-இல் எழுந்த, மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் முதல் பேசிவ் ஹவுஸ் குடியிருப்பு முதற்கொண்டு, காற்றுப் புகாமல் வீட்டை இறுக மூடுவது அங்கே தலையாய விதி. ஏ.சி. இல்லாத தமிழ்நாட்டு வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தால் கெடுதல். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊரில் வியர்வை உலரக் காற்று ஓட வேண்டும். எதிரெதிர்த் திறப்புகளும் பிற்பகலில் வரும் கடற்காற்றும் அங்கே காப்பின் பாதி வேலையைச் செய்யும். சேலம், திருச்சி, மதுரை போன்ற உள்மாவட்ட ஊர்களில் இரவுக் காற்று கூடுதலாகக் குளிர்வதால், பகலில் சன்னலை மூடி இரவில் திறப்பது நன்றாகப் பலிக்கிறது. ஏ.சி. போடும் ஓர் அறையை மட்டும் கதவிடுக்கு, சன்னல் இடுக்குகளை அடைத்து இறுக்கினால் போதும்.

மின்சாரக் கணக்கையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2020 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு டிகிரி கூட்டினாலும் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்திச் சிக்கன அலுவலகத்தின் மதிப்பீடு. கூரை குளிர்ந்த அறையில் 27-உம் மின்விசிறியும் தரும் சுகத்தை, கனலும் கூரையின் கீழ் 23 தராது. இரண்டு மாதப் பில்லில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கீழ் அடுக்குகளின் விலையும் ஏறிவிடுவதால், எல்லையில் நிற்கும் குடும்பத்துக்குச் சிறு சேமிப்பே பெரிய தொகையாகும். ஏ.சி. வாங்கவே இயலாத வீட்டில் பில் குறையாது, தூக்கம் கூடும். அந்தப் பலனை எந்தச் சிக்கனக் கணக்கிலும் சேர்க்காமல் விடுவது எனக்கு ஏற்பில்லை.

சட்டம் இந்த இடத்தில் பாதி தூரம் வந்திருக்கிறது. ஒன்றிய மின்துறை 2018 டிசம்பரில் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, குடியிருப்புக் கூரையின் யூ-மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. முன்பு சொன்ன ஓர் அங்குலப் பலகை அதை எட்டிவிடும், கைக்கெட்டாத அளவல்ல. ஆனால் 500 சதுர மீட்டர், அதாவது இரண்டு கிரவுண்டுக்கு மேற்பட்ட மனைகளுக்கே அது எழுதப்பட்டது. அரை கிரவுண்டிலும் ஒரு சென்ட்டிலும் வீடு கட்டுகிறவர்களை, அதாவது நம்மில் பெரும்பாலோரை, அது தொடவில்லை.

தொழில்நுட்பத்தைவிடச் சிக்கலானது, யார் செலவிடுவது என்பது. கடைசி மாடியில் வாடகைக்கு இருப்பவர் வெயிலைத் தாங்குகிறார், மின்கட்டணமும் கட்டுகிறார், கூரை வீட்டுக்காரருடையது. ‘மாடி வீடு, கொஞ்சம் சூடா இருக்கும் சார்’ என்று வாடகையில் ஐந்நூறு குறைப்பதோடு அவர் கடமை தீர்ந்துவிடுகிறது. அடுக்குமாடியில் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. சூடு மட்டும் கடைசித் தளத்துக்காரருக்கு. சங்கக் கூட்டத்தில் வெள்ளை ஓடு பதிக்கும் பேச்சு வந்தால், தரைத்தளத்தவர் நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்பார்கள். கட்டடத்தின் தளம் விரிசல் விடாமல் நிலைப்பது எல்லோர் சொத்துமதிப்பும் சம்பந்தப்பட்டது என்ற வாதம் அங்கே எடுபடும். வாட்டர் புரூஃபிங் செய்யும் ஆண்டிலேயே பலகையையும் வெள்ளை ஓட்டையும் சேர்த்துவிட்டால் கூலி இருமுறை ஆகாது. வாடகைதாரர் பூச்சுச் செலவைக் கொடுத்து வாடகையில் கழித்துக்கொள்வதாக எழுதிக்கொள்ளலாம்.

அரசு கட்டித்தரும் வீடுகளில் அந்தத் தடை இல்லை. மதிப்பீட்டுப் பட்டியலில் சிமென்ட், கம்பி, கதவு, கழிப்பறை என்று வரும் வரிகளோடு கூரைக் காப்புக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 300 சதுர அடிக்கு ஓர் அங்குலப் பலகை, மேலே சரிவுப் பூச்சு, வெள்ளை ஓடு. ஏற்கெனவே கட்டிமுடித்த தொகுப்பு வீடுகளுக்கும் பசுமை வீடுகளுக்கும் ஊராட்சி தோறும் வெள்ளையடிக்கும் வேலையை ஆண்டுப் பணியாக எடுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பும் பசையும் உள்ளூரிலேயே கிடைக்கின்றன, அடிக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. மழை ஓய்ந்து தளம் காய்ந்திருக்கும் தை, மாசிதான் அதற்குப் பருவம். பாசியைச் சுரண்டிக் கழுவி, ஒருநாள் காயவிட்டு, முதல் கை காய்ந்தபின் இரண்டாம் கை அடித்தால், கத்திரி வெயிலுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே ஓர் ஊரின் அத்தனை தொகுப்பு வீட்டுத் தளங்களையும் முடித்துவிடலாம்.